மாடி வீட்டுக்குத் தமிழ் வந்தது

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு அலுப்புத் தட்டிவிடும். சத்தம் பாதிப் படியில் ஒருமுறை நிற்கும். வரலாமா வேண்டாமா என்று அவள் யோசிக்கிறாள் என்று அர்த்தம். பிறகு மெல்ல இறங்கி வந்து, திறந்தே கிடக்கும் கதவைத் தட்டி, "ஆன்ட்டி" என்பாள். சிலிண்டர் போடுகிறவர் ஏதோ சொல்லிவிட்டுப் போயிருப்பார். இல்லையென்றால் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரிய வேண்டும். மருந்துக் கடையில் கொடுத்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா என்று கேட்க வேண்டும். நான் அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவளோடு தெருவுக்கு இறங்குவேன்.

பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு மாடியில் அவளும் அவள் கணவனும் வாடகைக்கு இருந்தார்கள். பீகாரிலிருந்து வந்தவர்கள். அவனுக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை. அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நாலைந்து வீடுகளில் "வடக்கத்தி ஆளுகளுக்கு விடுறதில்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். எங்கள் வாசலில் வந்து அவன் திக்கித் திக்கித் தமிழில் கேட்டபோது, பின்னால் நின்ற அவளைப் பார்த்து நான் இந்தியில் "உள்ளே வா" என்றேன். அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அந்த இரண்டு வார்த்தைதான் பிறகு நான் பட்ட பாட்டுக்கெல்லாம் ஆரம்பம்.

எனக்கு இந்தி வந்ததைச் சொல்ல வேண்டும். நாங்கள் சௌராஷ்டிரர்கள். வீட்டுக்குள் எங்கள் மொழி, வாசற்படி தாண்டினால் தமிழ். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் குஜராத்திலிருந்து வந்தவர்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் என் கணவருக்குச் சூரத்தில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை கிடைத்தது. "பூர்வீக ஊருக்குத்தான் போறீங்க, பேச்சுக்குக் கஷ்டமே இருக்காது" என்று என் மாமனார் சந்தோஷமாக வழியனுப்பினார்.

போய் இறங்கிய மறுநாள் காய்கறிக்காரியிடம் எங்கள் மொழியில் கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்டேன். அவள் என் வாயையே பார்த்தாள். பக்கத்துக் கடைக்காரியிடம் திரும்பி ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் பேசியதில் "மதராஸி" என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. மதுரையில் நாங்கள் குஜராத்திலிருந்து வந்தவர்கள். குஜராத்தில் நான் மதராஸி. கத்தரிக்காயைக் கையில் எடுத்துக் காட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

"ரெண்டு வருஷம்தான், ஊருக்குப் போயிடலாம்" என்று என் கணவர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தையும் கற்றுக்கொள்ளாமல் இருந்தேன். போகப்போகிற ஊருக்கு எதற்கு மொழி? இரண்டு வருடம் நாலாயிற்று, நாலு ஆறாயிற்று. நாள் முழுக்க நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது தாங்காமல்தான் கடைசியில் வாயைத் திறந்தேன். நாங்கள் குடியிருந்த வீட்டு வரிசையில் பாதிப் பேர் குஜராத்திகள், மீதிப் பேர் உத்தரப் பிரதேசத்துக்காரர்கள். எனக்கு வந்ததும் பாதி குஜராத்தி, பாதி இந்திதான். ஒருவழியாகத் தப்பில்லாமல் சண்டை போடும் அளவுக்கு வந்தபோது, மாமனாருக்கு உடம்பு முடியாமல் போய் மதுரைக்கே திரும்பிவிட்டோம். அதன் பிறகு ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் எடுத்தேன். ஓய்வு பெறும்வரை அதே வகுப்பு, அதே பாடம், அதே ஒற்றுப்பிழைகள்.

அதனால்தான் தெருவில் எல்லாருக்கும் நான் டீச்சர். மாடி வீட்டுப் பெண் வந்த சில மாதங்களிலேயே ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"ஏன் டீச்சர், அந்தப் புள்ளைக்கு நாலு வார்த்தை சொல்லிக் குடுத்தா என்ன? எம்புட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க!" என்று முக்குக் கடைக்கார அண்ணன் கேட்டார்.

என் கணவர் இன்னும் கண்டிப்பாகப் பேசினார். "ஒரு ஊருக்குப் பிழைக்க வந்தா அந்த ஊர் மொழியைக் கத்துக்க வேண்டாமா? அதுதானே மரியாதை? நாம தமிழ் பேசலையா?" என்றார். இதை அவர் சௌராஷ்டிர மொழியில் சொன்னார். நான் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் தெம்பில்லை.

சொல்லிக் கொடுக்காமல் இல்லை. இரண்டு மூன்று நாள் மத்தியானம் உட்கார வைத்துப் பார்த்தேன். தண்ணீர், பால், அரிசி, எவ்வளவு, எப்போது. அவள் மரியாதையாகத் திருப்பிச் சொன்னாள். மறுநாள் ஒன்றும் நினைவில்லை. அவள் அசடு இல்லை. மனம் அதில் இல்லை, அவ்வளவுதான். ஒருநாள் கையைக் கட்டிக்கொண்டு இந்தியில் சொன்னாள்: "ஆன்ட்டி, ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிடுவோம். அங்க வீடு கட்ட ஆரம்பிச்சாச்சு."

அதே இரண்டு வருடம். எனக்கு அதற்கு மேல் பேசத் தோன்றவில்லை. இந்தியுமே அவளுக்குச் சொந்த மொழி இல்லை என்பது போகப் போகத்தான் தெரிந்தது. அவர்கள் வீட்டில் பேசுவது போஜ்புரி. இந்தியைப் பள்ளிக்கூடத்தில் நாலைந்து வகுப்பு படித்து வைத்திருந்தாள். அவளுடைய அரை இந்தியும் என்னுடைய அரை இந்தியும் சேர்ந்துதான் சிலிண்டர்காரரிடமும் மின்சாரக் கணக்கு எடுப்பவரிடமும் போய் நின்றன.

அவன் வேறு மாதிரி. வேலை செய்யும் இடத்தில் ஓடி ஓடித் தமிழைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். "அங்கிட்டு வை", "மட்டம் பாரு", "சாந்து கொண்டா" என்று எல்லாமே ஏவுகிற பேச்சு. மரியாதைப் பன்மை என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. கட்டட வேலையில் எல்லாரும் எல்லாரையும் மாப்ள என்று கூப்பிடுவதால், ஆண்களை அப்படித்தான் அழைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். ஒருநாள் காலை மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, அறுபத்தைந்து வயதான என் கணவரிடம், "மாப்ள, தண்ணி வரல, மோட்டார் போடு" என்றான். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு நான் வாய்விட்டுச் சிரித்தேன். சொல்லித் திருத்தினேன். அதற்குப் பிறகு அவரை "அண்ணே" என்று கூப்பிட்டான். தமிழ் பேசுவதில் அவனுக்கு ஒரு பெருமை. பரோட்டாக் கடையில் சால்னா கூடக் கேட்டு வாங்கியதை வந்து சொல்லிச் சிரிப்பான். அவள் ஒன்றும் புரியாமல் அவனைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்கள். முகப்புச் சுவரில் உயரத்தில் டைல்ஸ் ஒட்டும்போது சாரத்தின் ஒரு பக்கம் சரிந்து அவன் கீழே விழுந்தான். அவனுடைய மேஸ்திரி எனக்குத்தான் போன் செய்தார். "டீச்சர், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். அந்தப் புள்ளைட்ட பக்குவமாச் சொல்லிக் கூட்டிட்டு வந்துருங்க. உசுருக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

அவர்கள் குடிவந்த பிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாக நான் மாடிப்படி ஏறினேன். முழங்கால் வலி. அவள் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் மேலே வந்து நின்றதைப் பார்த்ததுமே அவள் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள். எத்தனையோ பேச்சை நான் அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு இந்தியும் வரவில்லை, குஜராத்தியும் வரவில்லை. "விழுந்துட்டான், உயிரோடு இருக்கான்" என்று மட்டும் சொன்னேன்.

இடுப்புப் பக்கமும் தொடை எலும்பும் முறிந்திருந்தன. படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஓர் இளம் டாக்டர் எங்களை அழைத்துப் பேசினார். பொறுமையான பிள்ளை. ஆபரேஷன் செய்து கம்பி வைக்க வேண்டும், நாளாகும், ஊன்றி நடக்கலாம், பயப்பட வேண்டாம் என்று தமிழும் இங்கிலீஷுமாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றாக அவளிடம் சொன்னேன். நடுவில் எனக்குச் சொற்கள் கிடைக்கவில்லை. கம்பியைக் குறிக்க என்ன சொல்வது என்று தெரியாமல் ஜன்னல் கம்பியைக் காட்டினேன். அவள் பயந்துபோனாள்.

அவள் என்னிடம் ஏதோ கேட்டாள். அவசரத்தில் அது முழுக்கப் போஜ்புரியாக இருந்தது. "என்னம்மா கேக்குற?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவள் மறுபடியும் சொன்னாள். எனக்கு மறுபடியும் புரியவில்லை. அவள் என்னை விட்டுவிட்டு டாக்டருக்கு முன்னால் போனாள். அந்தத் தரையில், அத்தனை பேர் பார்க்க, குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். டைல்ஸ் ஒட்டுகிறவன் உட்காருவது போல. உள்ளங்கையால் தரையைத் தடவிக் காட்டி, உள்ளே கிடத்தியிருந்த கணவனைக் கையால் சுட்டினாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. தலையை இரண்டு பக்கமும் மெல்ல அசைத்தார்.

அவள் எழுந்திருக்கவில்லை. நான் குனிந்து தூக்கப் பார்த்தேன். முடியவில்லை. நானும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவன் அந்த வார்டில் வெகுநாள் இருக்க வேண்டியிருந்தது. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்து அங்கேயே தங்கினாள். நான் ஒருநாள் விட்டு ஒருநாள் சோறு கொண்டு போவேன். பழங்காநத்தத்திலிருந்து பஸ் பிடித்து, கூட்டத்தில் நின்று, வராந்தா வராந்தாவாக நடந்து அவளிடம் போய்ச் சேர்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். போனதும் அவளுக்காக நர்ஸிடம் கேட்க வேண்டியதைக் கேட்பேன். பிறகு திரும்பி வந்து படுத்தால் எழுந்திருக்கவே மனம் வராது. அடுத்தவர் வாயாக இருப்பது எவ்வளவு களைப்பு என்று யாரிடமும் சொல்லவும் முடியாது. என்ன பெரிய வேலை, பேசத்தானே செய்தாய் என்பார்கள்.

அடுத்த கட்டிலில் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் கால் முறிந்து கிடந்தார். அவர் மனைவி பெரிய குரலுடைய அம்மா. அந்த அம்மா மாடி வீட்டுப் பெண்ணிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார். மாட்டைப் பற்றி, மருமகளைப் பற்றி, மழை பெய்யாததைப் பற்றி.

"அவளுக்குத் தமிழ் தெரியாதுங்க" என்று முதல்நாளே சொன்னேன்.

"தெரியாட்டி என்னக்கா? காது நல்லாத்தான கேக்குது" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரத்துக்கு மேல் போக முடியவில்லை. மேஸ்திரி மூலமாகத் தகவல் மட்டும் சொல்லி அனுப்பினேன். அவள் என்ன செய்கிறாளோ என்று படுக்கையில் கிடந்தபடி கவலைப்பட்டேன். உடம்பு தேறியதும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனேன். வார்டுக்கு வெளியே வெந்நீர் பிடிக்கிற இடத்தில் ஒரே கூச்சல். ஒருவர் நடுவில் புகுந்து பிளாஸ்க்கை நீட்டியிருக்கிறார். ஒரு பெண் அவரை மறித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள்.

"ஏய், வரிசைல வாய்யா! அம்புட்டுப் பேரும் நிக்கிறோம்ல! எங்களுக்கு வேலை இல்லையா?"

யாரோ மேலூர்ப் பக்கத்துப் பெண் என்று நினைத்துக்கொண்டு நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவள் திரும்பினாள். அவள்தான். என்னைப் பார்த்ததும் கோபம் மாறாத முகத்தோடேயே, "வாங்கக்கா. காய்ச்சல் போச்சா?" என்றாள்.

அதுவரை நான் ஆன்ட்டி. அந்த வார்டில் எல்லாரும் எல்லாருக்கும் அக்கா. அவளுக்குத் தாயாக இருக்கும் வயது எனக்கு. திருத்தவில்லை.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வகுப்பில் ஒரு பிள்ளை முதல்முறை தானாக வாசித்தால் எனக்கு உடம்பெல்லாம் பூரிக்கும். அன்றைக்கு அப்படி ஒன்றும் இல்லை. சுமையை இறக்கி வைத்தது போல் இருந்தது, அவ்வளவுதான். நான் வராத நாட்களில் அவள் பேசிவிட்டாள். இத்தனை மாதமாக நான் கூடவே போய் நின்றதால்தான் அவள் வாய் திறக்கவில்லையோ என்று ஒரு நினைப்பு வந்தது. இருக்கலாம். ஆனால் நான் போகாமல் இருந்திருந்தால் அந்த மாத்திரையை எப்போது போட்டிருப்பாள்?

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் கணவர் மடியிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "பாத்தியா? மனசு வச்சா வருதுல்ல. நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

"வந்துச்சு. அதுக்கு ஒருத்தன் சாரத்துலேர்ந்து விழ வேண்டியிருந்துச்சு" என்றேன்.

அவர் மடித்து வைத்த பேப்பரை மறுபடியும் எடுத்தார். "நான் அதுக்குச் சொல்லல" என்றார்.

எனக்குத் தெரியும். கற்றுக்கொள்ள வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். சூரத்தில் நான் வீட்டுக்குள் அடைந்து கிடந்த வருடங்களை யாரும் எனக்குத் திருப்பித் தரப்போவதில்லை. ஆனால் அதை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்லும்போது ஏதோ உறுத்துகிறது.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மாடி ஏற முடியவில்லை. எங்கள் முன்னறையைக் காலி செய்து கொடுத்தோம். அவ்வளவு பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். அவன் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டான். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னப்பா, வலி தேவலையா?" என்று கேட்டால் அவளைப் பார்ப்பான். போஜ்புரியில் ஒரு வார்த்தை முணுமுணுப்பான். அவள், "ராத்திரில மட்டும் வலிக்குதாம்ணே" என்பாள். அவனுடைய தமிழ் அத்தனையும் செங்கலோடும் சாந்தோடும் சேர்ந்தது. அந்த வேலை போனதும் அதைப் பேச அவனுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

அவளுக்கு இங்கேயே இருக்க ஆசை. உசிலம்பட்டி அம்மாவின் உறவுக்காரர் ஒருவர் பைபாஸ் ரோட்டில் மெஸ் வைத்திருந்தார். சமையல் உதவிக்கு ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தார். "நான் வேலைக்குப் போறேன்க்கா. இவர் வீட்டுல இருக்கட்டும்" என்று என்னிடம் தமிழில் சொன்னாள். அவனுக்கு முன்னாலேயே, அவனுக்குப் புரியும் என்று தெரிந்தே சொன்னாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மேஸ்திரி வந்து, "ஊர்ல போய் ரெஸ்ட் எடுக்கட்டும், நாங்களே டிக்கெட் போட்டுத் தாரோம்" என்றார். ஊரிலிருந்து அவன் அம்மாவும் தினமும் போனில் அழுதாள். அவர்கள் போவதென்று முடிவாயிற்று.

ஸ்டேஷனுக்கு நானும் போனேன். ஆட்டோக்காரரிடம் அவளே பேசினாள். போர்ட்டரிடம், "மெதுவாண்ணே, காலு இடிச்சிராம" என்று சொன்னாள். ரயில் பெட்டியில் அவனைப் படுக்க வைத்துவிட்டு வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. "பேசக் கத்துக்கிட்டேன், ஊருக்கு அனுப்புறீங்க" என்றாள். நான் அனுப்பவில்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

போன கொஞ்ச நாளில் போன் வர ஆரம்பித்தது. மத்தியானம், நான் சாப்பிட்டு முடித்துக் கண்ணை மூடும் நேரம். அவள் தமிழில்தான் பேசுவாள். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து கோதுமை புடைத்துக்கொண்டிருப்பாளாம். நாத்தனார்கள் சுற்றிலும் இருப்பார்களாம்.

"இங்க ஒருத்தருக்கும் தமிழ் தெரியாதுக்கா. அதான் தைரியமாப் பேசுறேன்" என்றாள். "வீட்டுல காலு வைக்க இடமில்ல. மாமியா எதுக்கெடுத்தாலும் என்னையத்தான் சொல்லுது. நான் மெட்ராஸ் கூட்டிட்டுப் போனதாலதான் பிள்ளை காலு போச்சாம். இவங்களுக்கு மதுரையும் மெட்ராஸ்தான்."

"கூட்டிட்டுப் போனது அவன்தானேம்மா?"

"ஆமா. அவரு வாயே திறக்க மாட்றாருக்கா."

மாமியார் யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டால், மதுரை ஆஸ்பத்திரியில் மருந்து கேட்கிறேன் என்று சொல்லிவிடுவாளாம். ஒருநாள் ஏதோ சொல்ல வந்து வார்த்தை கிடைக்காமல் தடுமாறினாள். "தினமும் அதே வேலை, அதே பேச்சு, அதே திட்டு. கோபம் இல்லக்கா. அழுகையும் இல்ல. அதுக்குத் தமிழ்ல என்ன சொல்வாங்க?"

"சலிச்சுப் போச்சுன்னு சொல்லும்மா."

"சலிச்சுப் போச்சு" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். பின்னணியில் மாமியாரின் குரல் கேட்டது. அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போதெல்லாம் எப்போதாவதுதான் பேசுகிறாள். ஒவ்வொரு தடவையும் தமிழ் கொஞ்சம் குறைந்திருக்கிறது. தமிழில் பேசுவதற்கு அவளுக்கு நான் ஒருத்திதானே. முதலில் கடினமான சொற்கள் போயின. பிறகு வினைச்சொற்களின் வால் போயிற்று. "நாளைக்கு வந்தேன்" என்கிறாள். எனக்குத் திருத்தத் தோன்றுவதில்லை. என்னுடைய குஜராத்தியும் இப்படித்தான் பழைய துணி போலக் கிழிந்து கிழிந்து போயிற்று. இன்றைக்கு எனக்கு அதில் எண்கள் மட்டும்தான் மிச்சம்.

போன வாரம் கூப்பிட்டபோது தமிழில் ஆரம்பித்துப் பாதியிலேயே இந்திக்குப் போய்விட்டாள். மகள் பிறந்திருக்கிறாளாம். அவன் கோலூன்றி நடக்கிறானாம், ஊரில் சின்னதாகக் கடை போட்டிருக்கிறானாம். எனக்கு இந்தியில் பதில் சொல்ல அலுப்பாக இருந்தது. நான் தமிழிலேயே பேசினேன். அவள் இந்தியிலேயே கேட்டாள். ஒன்றும் புரியாமல் போகவில்லை. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். குழந்தை அழுதது. "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து என் கணவர் கேட்டார்.

"மாடி வீட்டுல இருந்த பொண்ணு."

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று சொல்லிவிட்டு, நான் கொஞ்ச நேரம் படுக்கலாம் என்று பாயை விரித்தேன்.